தாய்மாமன் சீரில் குள்ள வாழை

ஆகஸ்ட் 29, வெள்ளி

காலையிலேயே வெயில். மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றுகிறது என்று அம்மா வானத்தைத் திட்டுகிறாள். நான் வேலை செய்யும் தீவில் இந்நேரம் ஓயாமல் பெய்துகொண்டிருக்கும். என் அறைச் சுவரில் பூஞ்சை ஏறியிருக்கும். வந்து சேர்ந்து இரண்டு நாள் ஆகியும் நடக்கும்போது தரை லேசாக ஆடுகிறது. கப்பல் இன்னும் காலை விட்டுப் போகவில்லை.

கவிதா அக்காவுக்கு அடுத்த வியாழன் கல்யாணம். மீதி வேலைகள்:

— தாம்பூலப் பைகள் பிரித்து அடுக்க.
— அக்கா ரவிக்கை மறுபடி தையல்காரரிடம். கை இறுக்கம்.
— என் ரவிக்கை. அதுவும் இறுக்கம். (தீவு மீன்.)
— அப்பாவை முடி வெட்டிக்கொள்ளச் சொல்ல.

அப்பாவுக்கு லீவு இல்லை. ஆவணி மாசத்தில் பட்டுக் கடையில் யாருக்கு லீவு தருவார்கள். தன் பெண்ணின் கல்யாண வாரத்தில் ஊரார் பெண்களுக்கெல்லாம் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

அம்மா: "கறுத்துக் கருவாடு மாதிரி ஆயிட்டியே. அங்க இன்னாதான் பண்ற? வாழ எலையப் பாத்துக்கினு உக்காந்துகினு இருக்கியா?"

ஆமாம் அம்மா. சம்பளமே அதற்குத்தான்.

முருங்கைக் கோபம் இன்னும் ஆறவில்லை. போன தடவை ஈரத் துணியில் சுற்றி என் பையில் ஒரு முருங்கைக் குச்சி வைத்திருந்தாள். விமான நிலையத்தில் எடுத்துப் போட்டுவிட்டேன். "ஒரு குச்சிக்கு இவ்ளோ பேஜாரா?" தீவுப் படகுத்துறையில் ஒரு பலகை இருக்கிறது: செடி, மண், கன்று, கிழங்கு எதுவும் கொண்டுவராதீர்கள். மூன்று மொழியில். அதில் தமிழ் நான் எழுதியது. அதைத் தாண்டி முருங்கைக் குச்சியோடு எப்படிப் போவது.

சாயங்காலம் ஏழுமலை மாமா வந்தார், தென்னேரியிலிருந்து, மொபெட்டில். அம்மாவின் தம்பி. சட்டையில் சேறு, முகத்தில் ரகசியம்.

"அக்கா, இந்தத் தபா சீர்ல எவர்சில்வர் குடம், கிரைண்டர் எதுவும் கெடையாது. சொல்லிட்டேன். என் நெலத்துல வெளஞ்சதுதான். வர்றவங்க எல்லாத்துக்கும் தாம்பூலப் பையோட ஒண்ணு."

"இன்னாடா, பூசணிக்காயா?"

"நீ கம்முனு இரு. பாப்பா, நாளைக்கு நெலத்துக்கு வா. வாழ டாக்டரு பாத்து கையெழுத்து போட்டாதான் வேன் கெளம்பும்."

எல்லோரும் சிரித்தோம். நான் டாக்டர் இல்லை, இன்னும் முடிக்கவில்லை என்று எத்தனை தடவை சொல்லியாகிவிட்டது. கேட்பதில்லை. கோயம்புத்தூரில் விவசாயக் கல்லூரி கவுன்சிலிங்குக்கு என்னோடு வந்தவர் இவர். என் சர்ட்டிபிகேட் பையைத் தலைக்கு வைத்து பஸ் ஸ்டாண்டில் படுத்தார். அன்றே அவர் கணக்கில் நான் டாக்டர்.

ஆகஸ்ட் 30, சனி

பஸ்ஸில் வாலாஜாபாத், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஏரியில் தண்ணீர் பாதி. கொக்குகள். காற்றில் சேற்று வாசனை, கொஞ்சம் மீன்.

மாமாவின் நிலம் ஏரிப் பாசனத்தில் ஒரு சின்னத் துண்டு. எங்கள் குடும்பத்தில் ஒருவர் பெயரில் பத்திரம் பதிவான முதல் நிலம். பக்கத்து நிலம் தணிகாசலம் என்பவருடையது, பெரியது, அதுவும் வாழைதான். நடுவில் ஓரடி வரப்பு. மாமாவின் அப்பா, என் தாத்தா, அந்தப் பக்கத்து நிலத்தில் கூலி வேலை செய்தவர். மாமா இப்போது தணிகாசலத்தை "அண்ணா" என்று கூப்பிடுகிறார். "மொத மொத கூப்ட்டப்ப அவரு மூஞ்சியப் பாக்கணுமே! பல்லு வலி வந்த மாதிரி. இப்பப் பழகிடுச்சி." கல்யாணத்துக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறாராம். எங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் வீட்டிலிருந்து யாரும் வந்ததில்லை.

மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் பச்சை நிழல்வலை. மாமா அதைத் திரை போல விலக்கினார்.

கறுப்புப் பைகளில் வரிசை வரிசையாக வாழைக்கன்றுகள். எல்லாம் முழங்கால் உயரம். இலைகள் ஒல்லியாக, விறைப்பாக, உச்சியில் ஒன்றாகச் சேர்ந்து கொண்டை போட்ட மாதிரி. ஓரத்தில் மெல்லிய மஞ்சள். ஒவ்வொன்றிலும் ரோஸ் ரிப்பனில் ஒரு அட்டை:

தாய்மாமன் அன்பளிப்பு
குள்ள வாழை
தேர்வு: வாழை ஆராய்ச்சியாளர் நந்தினி

"பாத்தியா? ஒசரமே வராது. டவுன்ல ஏது எடம், எல்லாரும் மாடியிலதான தொட்டி வெக்கறாங்க? அதுக்குன்னே கடவுளு படைச்ச மாதிரி. தோட்டத்துல அங்கங்க ஒண்ணு ரெண்டு இப்பிடி நின்னுச்சி. மத்தவனா இருந்தா வெட்டிப் போட்டிருப்பான். நான் எடுத்து தனியா வளத்தேன். தாரு தள்ளாது, பரவால்ல. அழகுக்குத்தான்."

ஒரு இலையைக் கிள்ளி வெயிலுக்கு எதிரே பிடித்தேன். நடு நரம்பை ஒட்டி அடர் பச்சையில் புள்ளிகள், சின்னச் சின்னக் கோடுகள். தந்திக் குறியீடு மாதிரி. மட்டையை விலக்கினால் அடியில் கறுப்பாக அசுவினிப் பூச்சிக் கூட்டம். அதைச் சுற்றி எறும்பு.

முடிக்கொத்து. அசுவினி பரப்புகிற, வந்தால் வாழை பிழைக்காத நோய். இரண்டரை வருடமாக நான் தினமும் பார்ப்பது. தூக்கத்தில் காட்டினாலும் சொல்வேன்.

தோட்டத்தில் இருந்த நோய்க் கன்றை எல்லாம் பொறுக்கி, பார்த்துப் பார்த்து நீர் ஊற்றி, ரிப்பன் கட்டி, காஞ்சிபுரத்துக்கும் சுற்றுப்பட்ட ஊர்களுக்கும் அனுப்பத் தயாராக வைத்திருக்கிறார். என் பெயரோடு.

"இன்னா மா? பேச்சையே காணோம்."

"வெயில், மாமா."

மாமாவின் மனைவி செல்வி அத்தை: "கடலு காத்துல இருந்துட்டு வந்த பொண்ணு. நம்ப வெயிலு புடிக்குமா? வா, நெழலுக்கு வா."

ஏரி மீன் குழம்பு. நிறையப் போட்டாள். நான் முள்ளை எடுத்துக்கொண்டே இருந்தேன். மாமா போனில் யாரிடமோ: "ஆமா ஆமா, என் மருமவ தீவுல இருந்து வந்திருக்குது. அதுவே பாத்து அசந்து போச்சி. பேச்சே வரல!"

சொல்லவில்லை. சொல்லாமலே வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மத்தியானம் வரை தெருவில் மேளம். பிள்ளையார் கரைக்கப் போகிறார். லாரியில் பெரிய பிள்ளையார், இரண்டு பக்கமும் வாழை மரம். எல்லோரும் பிள்ளையாரைக் கும்பிட்டார்கள். நான் வாழையைப் பார்த்தேன். நல்ல மரம்தான். இலை விரிந்து, ஆரோக்கியமாக.

பைகளில் தேங்காய் போட்டோம். என் கை போடுகிறது, மனசு தென்னேரியில்.

தீவு ஆராய்ச்சி நிலையத்து மேடத்துக்குப் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "படத்தை வைத்து நான் எழுத்தில் எதுவும் தர மாட்டேன். இலையை அங்கே உள்ள ஏதாவது ஆய்வகத்தில் கொடு. ஆனால் உன் கண்ணை நம்புகிறேன். அந்தக் கன்றுகள் ஒன்றுகூட வண்டியில் ஏறக் கூடாது. கல்யாணத்துக்கு எத்தனை ஊர் ஆட்கள் வருவார்கள், யோசி." அவர் இப்படித்தான். யோசி என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

யோசித்தேன். தீவில் இது எப்படி நடந்தது என்று மாலதி தீதி சொன்னதை. தீதி என்றால் அங்கே அக்கா. நான் குடியிருக்கும் வீட்டுக்காரி, வங்காளத்திலிருந்து குடியேறிய குடும்பம். யாரோ ஒருவர் கப்பலில் படுக்கைச் சுருட்டுக்குள் ஒரு வாழைக்கன்றை மறைத்துக் கொண்டுவந்தார். நட்டது குட்டையாகவே நின்றது. அங்கே புயல் காற்று. உயரமான வாழை எல்லாம் முறிந்து விழ, இது மட்டும் நின்றது. அதைப் பார்த்து எல்லோரும் ஆளுக்கொரு பக்கக்கன்று கேட்டு வாங்கினார்கள். அங்கே காற்றுக்காக. இங்கே மாடித் தொட்டிக்காக. சீக்கு வந்த செடியை நல்ல ரகம் என்று நம்பிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது ஆசையில் செய்வது, இதற்கு யாரைத் திட்ட முடியும்?

சில வருடத்தில் தீவில் வாழைப்பழம் இல்லை. கப்பல் வந்தால் பழம். கப்பல் வராத வாரம் பூஜைக்குப் பிளாஸ்டிக் வாழைப்பழச் சீப்பு. நான் சிரித்தபோது தீதி சிரிக்கவில்லை.

அதைவிட மோசமானது அடுத்தது. முதலில் கொண்டுவந்தது யார் என்று ஒரு குடும்பத்தின் பெயர் வெளியே வந்தது. அவர்களோடு பேச்சுவார்த்தை நின்றது. அவர்கள் பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆள் வரவில்லை. அதைப் பார்த்த மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். நோய் வந்த செடியைக் கழிவறைக்குப் பின்னால், தார்ப்பாய்க்கு அடியில் ஒளித்து வைத்தார்கள். நாங்கள் போய்க் கேட்டால் "எங்க வீட்டில் இல்லை." அங்கிருந்து அசுவினி மறுபடி எல்லா இடமும் போனது. என் வேலையில் பாதி இலை பார்ப்பது. மீதிப் பாதி, சொன்னால் உங்களை யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள் என்று வீடு வீடாகச் சொல்வது. அது பொய் என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

இந்த நோயை முதலில் ஃபிஜியில் எழுதி வைத்தார்கள் என்று படித்திருக்கிறேன். பிறகு இலங்கை. அங்கிருந்து கேரளா வழியாக நமக்கு வந்தது என்பார்கள். இலங்கையில் இலைத்துரு நோய் வந்து காபி அழிந்துதான் தேயிலை வந்தது. ஃபிஜி, இலங்கை. நம் பக்கத்து ஆட்கள் கூலிகளாகக் கப்பல் ஏறிப் போன தீவுகள். எங்கள் வீட்டிலிருந்தும் யாராவது போயிருப்பார்கள். யார் எழுதி வைத்தது.

தீவில் ஒரு வசதி உண்டு: சுற்றிலும் கடல். எல்லோரும் ஒரே நேரத்தில் தோண்டி எடுத்துவிட்டு ஒரு காலம் பொறுத்தால் நோய் போய்விடும், வெளியிலிருந்து வர வழியில்லை. தென்னேரியில் கடல் எங்கே? மாமாவுக்கும் தணிகாசலத்துக்கும் நடுவே ஓரடி வரப்பு.

நாளை சொல்லிவிட வேண்டும்.

செப்டம்பர் 1, திங்கள்

மூட்டம். புழுக்கம். தென்னேரி.

மாமா வேன்காரனோடு போனில் இருந்தார். வைக்கும்வரை காத்திருந்தேன். பிறகு ஒரு இலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, அவர் கையில் கொடுத்தேன். சொன்னேன். சுற்றி வளைக்காமல்.

முதலில் சிரித்தார். "ஏ, வெளயாடாத."

பிறகு: "துத்தநாகச் சத்துப் பத்தாம கூட இந்த மாதிரி மஞ்சளா ஆவும்னு பூச்சி மருந்துக் கடைக்காரரு சொன்னாரு."

"மஞ்சள் ஆகும் மாமா. இந்தப் புள்ளியும் கோடும் வராது."

"அப்ப தோட்டத்துல?"

நடந்து பார்த்தோம். குத்துக் குத்தாக. நல்லது, நல்லது, நோய், நல்லது, நோய், நோய். ஏரிப் பக்கம் பரவாயில்லை. வரப்பை ஒட்டிய வரிசை முழுக்கப் போய்விட்டது. பாதித் தோட்டம் என்று வாய்விட்டுச் சொன்னது அத்தைதான். மாமா ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இத்தினி பேருக்கு போன் போட்டு சொன்னனே மா. மாப்ள ஊட்டுல, கம்பெனில என்னோட வேல செஞ்சவங்க கிட்ட. என் மருமவ தேர்ந்தெடுத்த வாழன்னு."

"என்னைக் கேக்காம என் பேரை ஏன் மாமா போட்டீங்க?"

கேட்டிருக்கக் கூடாது. அவர் முகம் சுருங்கியது. கொட்டகைக்குப் போய் மண்வெட்டியோடு வந்தார். நிழல்வலையை ஒரே இழுப்பில் கிழித்து, முதல் பையை எட்டி உதைத்தார். இரண்டாவதைத் தூக்கிக் கால்வாய்ப் பக்கம் வீசப் போனார்.

"மாமா, தொடாதீங்க! வெட்டக் கூடாது!"

"நீதான சொன்ன ஒழிச்சிக்கட்டணும்னு?"

"முதல்ல அசுவினி சாகணும். உயிரோட இருக்கும்போது செடியை அசைச்சா அது இறங்கிப் பக்கத்துச் செடிக்குப் போயிடும். இன்னிக்கு மருந்து. நாளைக்குத்தான் தோண்டணும்."

"கோவத்துல கூட ஒரு செடிய வெட்ட உடமாட்டியா?" கத்தினார். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பாவம், வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் வந்தது. அழுகையும். மாமா மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தார்.

மருந்தை நானும் அத்தையும்தான் அடித்தோம். கொஞ்ச நேரம் கழித்து மாமா வந்து தெளிப்பானை என் முதுகிலிருந்து கழற்றித் தன் முதுகில் மாட்டிக்கொண்டார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

மழை வருமோ என்று பயந்தேன். வரவில்லை. நல்லது.

அம்மாவிடம் "சீர் வேலை" என்று சொல்லிவிட்டு வந்தேன். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன் வெயிலில் அலைகிறாள் என்று திட்டு. ஃபேஷியல் போச்சாம்.

தோண்டினோம். கிழங்கோடு. கிழங்கைத் துண்டு துண்டாக நறுக்கினால்தான் மறுபடி முளைக்காது. கன்றுப் பைகள், வரப்பு வரிசை, நடுவில் இருந்த குத்துகள். மூலையில் பெரிய குழி. அத்தை ஒவ்வொரு கன்றிலிருந்தும் ரிப்பனை அவிழ்த்துத் தனியாக வைத்தாள். "வாழைக்குத்தான நோவு, ரிப்பனுக்கு இன்னா வந்துச்சி?" என் பெயர் போட்ட அட்டைகளை மாமா பார்க்காதபோது குழியில் போட்டாள். நான் பார்த்தேன்.

தீவில் பல தோட்டத்தில் இதை நின்று செய்ய வைத்திருக்கிறேன். நோட்டில் "அகற்றப்பட்டது" என்று ஒரு வார்த்தை. மாலதி தீதி வீட்டில் கடைசிக் குத்தைத் தோண்டியபோது அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், நான் கையெழுத்துக்காக வெளியே நின்றேன். மாமாவின் கையில் கிழங்கு நறுக்கும் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கதவு எனக்குப் புரிந்தது.

மீதி இருக்கிற மரங்கள்? பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வாரா வாரம். உள்ளே நோய் இருந்தும் இன்னும் வெளியே காட்டாத மரம் இருக்கலாம். இதைச் சொன்னேன். சரி என்றார். அடுத்ததைச் சொன்னேன்: வரப்புக்கு அந்தப் பக்கமும் பார்க்க வேண்டும். அங்கே நோய் இருந்தால் இங்கே இவ்வளவு செய்ததும் வீண். ஒரு வருடத்தில் மீதித் தோட்டமும் போகும்.

மாமா கையைக் கழுவிக்கொண்டே இருந்தார், மண் போன பிறகும்.

"பாப்பா, ஒண்ணு சொல்றேன், கேளு. என் மொதல் கன்னு எல்லாம் அவரு தோட்டத்துல கழிச்சிப் போட்டதுதான். சொம்மா எடுத்துக்கினு போடான்னாரு. அங்க இருந்து வந்த நோவா கூட இருக்கும். ஆனா அத நான் சொல்ல முடியுமா? நான் சொன்னா ஊரு இன்னா சொல்லும்? 'காலனிக்காரன் நெலம் வாங்கனான், ஏரிக்கட்டு பூரா நோவு வந்துச்சி'ன்னும். எங்கப்பன் அந்த வரப்புக்கு அந்தப் பக்கம் குனிஞ்சி நின்ன ஆளு. இன்னிக்கு நான் இந்தப் பக்கம் நிமுந்து நிக்கறேன். அத ஒரு வாழைக்காவ உட முடியாது. நீயும் சொல்லாத."

"நான் சொல்ல மாட்டேன் மாமா. உங்க நிலம். நீங்க சொல்லாம நான் சொல்ல மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. ஆனா சொல்லலன்னா இந்தத் தோட்டம் நிக்காது. அதையும் சத்தியமாத்தான் சொல்றேன்."

பஸ்ஸில் வரும்போது யோசனை. பலகையில் மூன்று மொழியில் எழுதினோம், கன்று கொண்டுவராதீர்கள் என்று. வந்துவிட்டால் வந்து சொல்லுங்கள் என்று ஒரு மொழியிலும் எழுதவில்லை.

செப்டம்பர் 3, புதன்

வரவேற்பு. மண்டபத்து மாடியில் பெண் வீட்டு அறை. எல்லோரும் கீழே படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் ஒருத்தி தலைவலி என்று மேலே வந்து எழுதுகிறேன். தலைவலி உண்மைதான்.

சீர்த் தட்டுகள் மேளத்தோடு வந்தன. பழம், பூ, புடவை, வளையல். பிறகு மாமாவும் அத்தையும். கத்திரிக்காய் ஒரு தட்டு. வெண்டைக்காய் ஒரு தட்டு. பெரிய பூசணி ஒன்றை மாமா தோளில் வைத்து. எல்லாம் அத்தை கிணற்றோரத்தில் போட்டது. ஒவ்வொரு தட்டிலும் ரோஸ் ரிப்பன்.

மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி, காதில் விழும்படி: "சீர்ல கத்திரிக்காவா? நல்லாருக்குது!"

அத்தை: "சாம்பாருக்கு கத்திரிக்கா போடுவியா, எவர்சில்வர் கொடத்தப் போடுவியா மா? நாளைக்குத் துன்னுட்டு சொல்லு."

அக்காவே மேடையில் சிரித்துவிட்டாள். அப்பாவுக்கும் சிரிப்பு. முடி வெட்டியிருந்தார். காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தது.

ஆனால் கேட்காமல் விடவில்லை. "ஏழுமலை, குள்ள வாழ எங்கப்பா?" "மாடியில எடம்லாம் ஒதுக்கி வச்சிட்டேன்." மாமா ஒவ்வொருவரிடமும் ஒவ்வொன்று சொன்னார். வேன் கோளாறு. கன்று இன்னும் வளரணும். அப்பால தரேன். ஒவ்வொரு பொய்க்கும் ஒரு தடவை துண்டால் முகத்தைத் துடைத்தார். நான் தூரத்தில் நின்று பார்த்தேன். பார்க்க முடியவில்லை, பார்த்தேன்.

தணிகாசலம் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் சுருட்டிய மொய்க் கவர், கூட யாரும் இல்லை. மாமா ஓடிப் போய் முன் வரிசையில் நாற்காலி போட்டார். தண்ணீர். கூல் டிரிங்க். மாமாவின் கம்பெனி நண்பர்கள் சுற்றி நின்றார்கள்.

தணிகாசலம்: "இன்னா ஏழுமல, ஊருக்கே வாழக்கன்னு தரியாமே. பக்கத்து நெலத்துக்காரன் எனக்கு ஒண்ணு எடுத்து வெச்சியா?"

மாமா என்னைத் தேடினார். நான் அவரைப் பார்த்தேன், தலையை அசைக்கவில்லை, ஆமாம் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. சத்தியம் செய்திருந்தேனே.

"இல்லணா," என்றார் மாமா. "கன்னு இல்ல. எல்லாத்தயும் பொதச்சிட்டேன். நோவு. முடிக்கொத்துன்னு பேரு. குள்ள ரகம்னு நான்தான் ஏமாந்துட்டேன். பாதித் தோட்டம் தோண்டியாச்சி." சுற்றி இருந்தவர்கள் திரும்பினார்கள். மாமா குரல் ஏறியது, எல்லோருக்கும் சொல்வது போல: "அசுவினி கொண்டுபோவும். வரப்பு கிரப்பு பாக்காது. உன் தோட்டத்தயும் ஒரு தபா பாத்துடுணா. வரப்போரம் மொதல்ல பாரு."

"உங்க" என்று சொல்லாமல் "உன்" என்று சொல்லிவிட்டார். பதற்றத்தில். அவருக்கே தெரியாது.

"யாரு சொன்னது இதெல்லாம்?"

"என் மருமவ. இதோட வேலயே அதான்."

தணிகாசலம் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "உன் தோட்டத்துல நோவு வந்தா, என் தோட்டத்த இன்னாத்துக்கு இஸ்துக்கினு வர? ஊர் கூடன எடத்துல?"

"சொல்லாம உட்டா ரெண்டும் போவும்ணா. அதான்."

எழுந்தார். கவரை மேடைக்கு எடுத்துப் போய் அக்கா கையில் கொடுத்தார், மாப்பிள்ளைக்குக் கை கொடுத்தார், படம் எடுக்க நின்றார். பந்திக்குப் போகவில்லை. வாசலைப் பார்த்து நேராக நடந்தார். மாமா பின்னால் போய், "ஒரு வாய் சாப்ட்டு..." காரின் கதவு சாத்திய சத்தம்.

சாப்பிடாமல் போய்விட்டார். அதை எல்லோரும் பார்த்தார்கள்.

மாமா கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நீ சொல்லலயே, நான்தான சொன்னேன்?" என்றார். ஆமாம் என்றேன். "மொத வார்த்ததான் கஷ்டம் மா. ஆனா அந்த வேன் கோளாறு பொய்யி சொல்றதுக்கு இது ஈசியா இருந்துச்சி."

அத்தை: "துன்னாம போனா போவட்டும். ஒரு எல மிச்சம். நீ வா, வந்து துன்னு."

கம்பெனி நண்பர் ஒருவர், மாகறல் ஊர்க்காரர், மாமாவிடம் மெதுவாகக் கேட்டது காதில் விழுந்தது: "ஏழுமலை, அந்த நோவு எப்பிடி இருக்கும்னு சொன்ன?"

செப்டம்பர் 4, வியாழன்

தாலி கட்டியாயிற்று. அக்கா அழவில்லை, அப்பாதான் அழுதார். தாய்மாமன் செய்ய வேண்டியதெல்லாம் மாமா செய்தார், மாலை, பட்டு, எல்லாம். முகம் மட்டும் சரியில்லை. வாசலில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் தணிகாசலமோ என்று திரும்பிப் பார்த்தார். வரவில்லை.

இப்போது மாடி அறை. கையில் இன்னும் அட்சதை மஞ்சள்.

சற்று முன் மாமாவுக்குப் போன். சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சத்தத்தில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏழுமல. தணிகாசலம். வெடிஞ்சதுல இருந்து தோட்டத்துலதான் நிக்கறேன். வரப்போரம் ஏழெட்டு குத்து எனக்கு சந்தேகமா இருக்குது. உள்ளாற போனா எது நல்லது எது கெட்டதுன்னு தெரியல. அந்தப் பொண்ணக் கூட்டிக்கினு வா."

"அண்ணா, கல்யாணம்ணா இன்னிக்கு..."

"தெரியும். நேத்து சாப்டாம வந்துட்டேன். ஊட்ல அதுக்கும் திட்டு." தொண்டையைக் கனைக்கும் சத்தம். "ஆளுங்கள வரச் சொல்லிட்டேன். எல்லாத்தயும் இப்பவே வெட்டித் தள்ளிடறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோய், மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி:

"கைய வெக்காதணா! நாங்க வர்ற வரைக்கும் ஒரு செடியத் தொடாத! ஆளுங்கள வரப்புக்கு மேல நிக்கச் சொல்லு!"

அந்தப் பக்கம் மண்வெட்டி தரையில் விழுந்த சத்தம். பிறகு: "சரி. சரிப்பா. நிக்கச் சொல்றேன்."

அம்மா படிக்கட்டில் நின்று கத்துகிறாள். பட்டுப் புடவையோட சேத்துலயா, பெண் மாப்பிள்ளை இன்னும் சாப்பிடவில்லை, நீயும் உன் மாமனும் உருப்படுவீங்களா. அத்தை தெளிப்பானை எங்கே வைத்தாள் என்று கேட்க வேண்டும். புடவை மாற்ற நேரமில்லை. கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டால் போதும். மாமா பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே மொபெட்டை உதைக்கிறார், ஹாரன் அடிக்கிறார், மறுபடி அடிக்கிறார், மீதி அப்புறம்.